ஒரே குரலில் பேசுமா ஆசியான்?

2024ம் ஆண்டு ஜூன் 17ந் தேதி. பிலிப்பைன்ஸ் நாட்டின் பலவான் தீவுக்கு மேற்கே, நடுக்கடலில் உள்ள ஒரு பவளத் திட்டை நோக்கிச் சில ரப்பர் படகுகள் சென்றன. செகண்ட் தாமஸ் திட்டு என்று அதற்குப் பெயர். துருப்பிடித்து ஓட்டையாகிப் போன பழைய கப்பல் ஒன்று அந்தத் திட்டின் மேல் தட்டி நிற்கிறது. 1999ல் பிலிப்பைன்ஸ் கடற்படையே வேண்டுமென்று கொண்டுபோய்த் தட்ட வைத்த கப்பல் அது. 'இந்த இடம் எங்களுடையது' என்று காட்டுவதற்காகச் சில சிப்பாய்கள் அதில் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு உணவும் சாமான்களும் கொண்டுபோன படகுகளைத்தான் சீனக் கடலோரக் காவல் படையினர் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கையில் கத்தியும் கோடரியும் இருந்தன. படகுகள் குத்திக் கிழிக்கப்பட்டன. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவருக்குக் கட்டை விரல் போயிற்று. தவறு பிலிப்பைன்சுடையதே என்றது சீனா.

மறு மாதம் லாவோஸ் தலைநகரான வியன்டியானில் ஆசியான் நாடுகளின் வெளிநாட்டு மந்திரிகள் கூடினார்கள். பிலிப்பைன்ஸ் அந்தக் கூட்டமைப்பில் சாதாரண உறுப்பினர் அல்ல. அதைத் தொடங்கிய ஐவரில் ஒருவர். கூட்டறிக்கை நீளமாகவே வந்தது. தென் சீனக் கடலைப் பற்றியும் அதில் ஒரு பத்தி இருந்தது. அங்கே நடக்கும் செயல்கள் பற்றி 'சில மந்திரிகள்' கவலை தெரிவித்தார்களாம். எந்த மந்திரிகள் என்று சொல்லவில்லை. யாருடைய செயல்கள் என்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டும் வகையில் சீனாவின் பெயர் எங்குமே இல்லை.

ஏறத்தாழ 67 கோடி மக்கள் வாழும் நாடுகள் கூடி, ஒரு விரல் போனதைக்கூட யாரால் என்று சொல்ல முடியவில்லையே, இது என்ன கூட்டமைப்பு என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதே கூட்டமைப்பு ஒரு காலத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குரலில் பேசி, உலக சபையையே தன் பக்கம் திருப்பியிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

கடற்கரையில் பிறந்த கூட்டு

1967 ஆகஸ்ட் 8ந் தேதி பாங்காக்கில் ஆசியான் பிறந்தது. அதற்கு முன் நான்கு நாட்கள் பாங்சேன் என்ற கடற்கரை ஊரில் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளும் கோட்டு, டை இல்லாமல் சாதாரணச் சட்டையுடன் உட்கார்ந்து பேசினார்கள். இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், பிலிப்பைன்சின் நார்சிசோ ராமோஸ், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், தாய்லாந்தின் தனத் கோமன். ஐந்தாமவர் சிங்கப்பூரின் எஸ்.ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலேயாவின் செரம்பானில் வளர்ந்து, பத்திரிகையாளராக இருந்து மந்திரியானவர். ஆசியானின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள ஐந்து கையெழுத்துகளில் ஒன்று தமிழர் ஒருவருடையது.

அன்று இந்த ஐவரும் நண்பர்களாக இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலேசியாவை 'நசுக்குவோம்' என்று இந்தோனேசியா நடத்திய மோதல் 1966ல்தான் ஓய்ந்திருந்தது. சாபா எங்களுக்கு என்று பிலிப்பைன்ஸ் மலேசியாவிடம் வழக்காடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்தில் வியட்நாம் எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் இருந்ததனால்தான் இந்தக் கூட்டே தேவைப்பட்டது.

கையெழுத்திட்ட அன்று ராஜரத்தினம் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லி வைத்தார். இனி ஒவ்வொரு நாடும் தன் நலனை மட்டும் நினைத்தால் போதாது, வட்டாரத்தின் நலனையும் சேர்த்து எடைபோட வேண்டும்; அதற்காக வலிக்கக்கூடிய விட்டுக்கொடுத்தல்களைச் செய்தாக வேண்டும்; செய்யாவிட்டால் எல்லாம் வெறும் கனவாகவே நிற்கும் என்பது அவர் பேச்சின் சாரம். பத்திரிகையாளர் அல்லவா, பின்னால் வரப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட்டார்.

பிறகு 1984ல் புருனேயும், 1995ல் வியட்நாமும், 1997ல் லாவோசும் மியான்மரும், 1999ல் கம்போடியாவும் சேர்ந்தன. 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் பதினோராவதாக வந்தது.

இந்தக் கூட்டில் ஓட்டெடுப்பு கிடையாது. கலந்து பேசு, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை பேசு என்பது இந்தோனேசிய கிராமத்துப் பஞ்சாயத்து முறை. அதையே ஆசியான் எடுத்துக்கொண்டது. 2008ல் நடைமுறைக்கு வந்த அதன் சாசனத்திலும் அது எழுதப்பட்டுவிட்டது. மும்பையில் சால் வீடுகளில் குடியிருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாக் குடித்தனமும் கையெழுத்துப் போட்டால்தான் தண்ணீர்த் தொட்டிக்கு மனு போகும் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் மறுத்தாலும் மனு பைக்குள்ளேயே கிடக்கும். சரி, பெரும்பான்மை என்று வைத்துக்கொண்டால்? தோற்ற வீட்டுக்காரர் மறுநாளே கதவைச் சாத்திக்கொள்வார். மன்னராட்சி, கம்யூனிஸ்டு ஆட்சி, ராணுவ ஆட்சி, தேர்தல் ஆட்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இத்தனை ஆண்டுகள் இருப்பதற்கு இந்த முறையே காரணம். கூட்டமைப்பைப் பழிக்கிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கம்போடியாவில் நடந்தது

1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் புகுந்தது. 1979 ஜனவரியில் தலைநகர் நாம்பென் விழுந்தது. பல லட்சம் மக்களைக் கொன்று குவித்த போல் பாட் ஆட்சி காட்டுக்கு ஓடியது. ஹெங் சாம்ரின் தலைமையில் புது அரசு அமைந்தது. வியட்நாம் படை தாய்லாந்தின் வாசலில் வந்து நின்றது.

அப்போது ஆசியானில் இருந்த ஐந்து நாடுகளுக்கும் ஒரே எண்ணமா? இல்லை. தாய்லாந்தும் சிங்கப்பூரும் வியட்நாமைக் கண்டு அஞ்சின. இந்தோனேசியாவும் மலேசியாவும் அப்படி நினைக்கவில்லை. நீண்ட காலத்தில் பெரிய ஆபத்து சீனாதான், அதைத் தடுக்க வியட்நாம் பலமாக இருப்பதே நல்லது என்று கருதின. 1980 மார்ச்சில் சுகர்த்தோவும் மலேசியப் பிரதமர் ஹுசேன் ஓனும் குவாந்தான் நகரில் சந்தித்து, வியட்நாமோடு சமாதானமாகப் போக ஒரு வழி சொன்னார்கள். தாய்லாந்து ஏற்கவில்லை. அந்த ஜூன் மாதமே வியட்நாம் சிப்பாய்கள் தாய்லாந்து எல்லையைத் தாண்டினார்கள். குவாந்தான் யோசனை அத்தோடு போயிற்று.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். தங்கள் சொந்தக் கருத்து வேறாக இருந்தும் ஜகார்த்தாவும் கோலாலம்பூரும் வெளியே முணுமுணுக்கவில்லை. 'நெருப்பு யார் வீட்டு வாசலில் எரிகிறதோ அவர் சொல்வதை நாம் ஏற்போம்' என்று தாய்லாந்துக்காக ஒதுங்கிக்கொண்டார்கள். ஆண்டு தவறாமல் ஐ.நா. சபையில் ஆசியான் தீர்மானம் கொண்டுவந்தது. ஆண்டு தவறாமல் ஜெயித்தது. 1989ல் வியட்நாம் தன் படையை விலக்கியது. 1991 அக்டோபர் பாரிஸ் ஒப்பந்தத்துக்கு வழி போட்டதில் இந்தோனேசியாவின் உழைப்பு பெரிது.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு கறையும் உண்டு. அத்தனை ஆண்டுகளும் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி, போல் பாட் கட்சியும் பின்னர் அது சேர்ந்த கூட்டணியும் வைத்திருந்த நாற்காலி. சொந்த மக்களைக் கொன்றவர்களுக்காக ஆசியான் வாதாடியது என்று வரலாறு எழுதத்தான் செய்யும். இந்தியா வேறு வழியில் சென்றது. 1980 ஜூலையில், இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, ஹெங் சாம்ரின் அரசை அங்கீகரித்தது. ஆசியான் தலைநகரங்களில் அது கடும் கோபத்தைக் கிளப்பியது. அந்த மனக்கசப்பு ஆற ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்தன.

அந்த நாளில் ஆசியானுக்குத் தோள் கொடுத்த பெரிய நாடு எது தெரியுமா? சீனாதான்! ஆசியான் ஏற்க மறுத்த நாம்பென் அரசில் வெளிநாட்டு மந்திரியாக இருந்த இளைஞர் யார்? ஹுன் சென். அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு 2012க்கு வரலாம்.

அறிக்கை இல்லாத கூட்டம்

2012 ஏப்ரலில் ஸ்கார்பரோ திட்டு அருகே பிலிப்பைன்ஸ் கப்பலும் சீனக் கப்பல்களும் எதிரெதிரே நின்றன. பிலிப்பைன்சின் லூசான் தீவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டரில் இருக்கிறது அந்தத் திட்டு. மே மாதம் சீனத் துறைமுகங்களில் பிலிப்பைன்ஸ் வாழைப்பழங்கள் பூச்சிச் சோதனை என்ற பெயரில் நிறுத்திவைக்கப்பட்டு அழுகின. எல்லைத் தகராறு வாழைத்தோட்டக் கூலிக்காரன் வயிற்றில் போய் இடித்தது. ஜூனில் மோசமான வானிலையைச் சொல்லி பிலிப்பைன்ஸ் கப்பல்கள் திரும்பின. சீனக் கப்பல்கள் திட்டைவிட்டுப் போகவில்லை.

ஜூலையில் ஆசியான் மந்திரிகள் கூட்டம் நாம்பென்னில் நடந்தது. அந்த ஆண்டு தலைமை கம்போடியாவுக்கு. அதன் பிரதமர் ஹுன் சென்! ஸ்கார்பரோ நிகழ்ச்சியை அறிக்கையில் ஒரு வரி குறிப்பிடுங்கள் என்று பிலிப்பைன்ஸ் கேட்டது. தன் கடலில் சீனா நுழைவதைச் சொல்லுங்கள் என்று வியட்நாம் கேட்டது. இரு நாடுகளுக்குள் உள்ள தகராறுக்கு இங்கே இடமில்லை என்று கம்போடியா கையை விரித்துவிட்டது. வார்த்தையை மாற்றிப் பார்த்தார்கள், வாக்கியத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 45 ஆண்டுகளில் முதல் முறையாகக் கூட்டறிக்கை இல்லாமலே மந்திரிகள் விமானம் ஏறினார்கள். இந்தோனேசிய மந்திரி மார்ட்டி நட்டலெகாவா தலைநகர் தலைநகராகப் பறந்து, ஒரு வாரத்துக்குள் ஆறு பொதுக் கொள்கைகளுக்குச் சம்மதம் வாங்கி மானத்தைக் காப்பாற்றினார். அந்த ஆறிலும் ஸ்கார்பரோ இல்லை.

ஆக, 1980ல் இருந்த அதே விதிதான் 2012லும். ஒருவர் மறுத்தால் நின்றுபோகும் என்பது அன்றும் உண்டு. அன்று மாற்றுக் கருத்துள்ளவர் நெருப்புப் பட்டவருக்காக ஒதுங்கினார், 2012ல் ஒதுங்கவில்லை. குறை விதியில் இல்லை.

ஏன் ஒதுங்கவில்லை என்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. தென் சீனக் கடல் முழுவதும் பத்துப் பேருக்கும் சொந்தமான தலைவலி அல்ல. அங்கே உரிமை கோரும் ஆசியான் நாடுகள் வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே ஆகிய நான்குதான். இந்தோனேசியாவுக்கு நட்டுனா தீவுகளின் கடலில் சீனாவோடு உரசல் உண்டு. லாவோசுக்கோ கடலே கிடையாது. அதற்குக் கிடைத்தது சீனா போட்டுக் கொடுத்த ரயில் பாதை. 2021 டிசம்பரில் வண்டி ஓடத் தொடங்கியது. கம்போடியாவின் சாலைகளிலும் பாலங்களிலும் சீனப் பணம் இருக்கிறது. ரீம் கடற்படைத் தளத்தையும் சீனாதான் புதுப்பித்துக் கொடுத்தது. 2009 முதல் ஆசியானின் முதல் வாணிபக் கூட்டாளியும் சீனாதான். கடன் கொடுத்தவனிடம் முகம் கோணுவது யாருக்குமே கஷ்டம்.

2016 ஜூலை 12ந் தேதி ஹேக் நகரில் நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது கோடுகளால் வளைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கிய கடல் வளமெல்லாம் எங்களுக்கே என்று சீனா சொல்வதற்குச் சட்ட ஆதாரம் இல்லை என்றது. ஸ்கார்பரோவில் இரு நாட்டு மீனவர்களுக்கும் பரம்பரை மீன்பிடி உரிமை உண்டு என்றும் சொன்னது. சீனா தீர்ப்பை ஒதுக்கித் தள்ளியது. அதே மாதம் கூடிய ஆசியான் மந்திரிகளின் அறிக்கையில் தீர்ப்பு என்ற சொல்லே வரவில்லை.

ஆளுக்கு ஒரு வழி

கூட்டுக் குரல் எழாதபோது என்ன ஆகும்? அவரவர் தம் வழியைப் பார்த்துக்கொள்வார். பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் பக்கம் சாய்ந்தது. அமெரிக்கப் படை வந்து தங்க ஏற்கனவே ஐந்து தளங்களில் வசதி கொடுத்திருந்தது. 2023ல் மேலும் நான்கைத் திறந்துவிட்டது. வியட்நாம் செய்வது தனிக் கலை. 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் ஹனாய் வந்தார். டிசம்பரில் சீனத்தின் ஷி ஜின்பிங் வந்தார். 2024 ஜூனில் ரஷ்யாவின் புட்டின் வந்தார். பத்தே மாதங்களுக்குள் மூவருக்கும் அதே ஊரில் வரவேற்பு! 1988ல் ஜான்சன் திட்டில் சீனக் கடற்படை சுட்டு 64 வியட்நாமியர் இறந்ததை ஹனாய் மறக்கவில்லை. பக்கத்து வீடாக இருப்பதால் வாய்ச்சண்டைக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

உக்ரைன் போரிலும் இதே கதைதான். 2022 மார்ச்சில் ரஷ்யாவைக் கண்டித்து ஐ.நா. பொதுச் சபையில் ஓட்டு வந்தபோது வியட்நாமும் லாவோசும் ஓட்டுப் போடவில்லை. மற்றவர்கள் கண்டனத்தை ஆதரித்தார்கள். சிங்கப்பூர் ஒன்று மட்டும் ரஷ்யா மீது தானாகவே தடை விதித்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா திடீரென்று இறக்குமதி வரியை ஏற்றி, கம்போடியாவுக்கு 49 சதவிகிதம், வியட்நாமுக்கு 46 சதவிகிதம் என்று அறிவித்தது. பதிலடி கொடுக்கப் போவதில்லை என்று ஆசியான் மந்திரிகள் கூட்டாகச் சொன்னதோடு சரி. வரியைக் குறைக்கும் பேரத்துக்கு ஆளாளுக்குத் தனித்தனியே போனார்கள்.

வீட்டுக்குள் நடப்பதும் வாயை அடைக்கிறது. மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரலில் ஆசியான் ஐந்து அம்சத் திட்டம் போட்டது. ராணுவம் அதை மதிக்கவில்லை. ஆட்சித் தலைவரை உச்சி மாநாட்டுக்கு அழைக்காமல் விட்டதுதான் ஆசியானால் முடிந்த அதிகபட்ச தண்டனை. 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் பீரங்கியால் சுட்டுக்கொண்டன. மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராகிம் இருவரையும் புத்ராஜெயாவில் உட்கார வைத்துச் சண்டையை நிறுத்தினார். டிசம்பரில் மறுபடியும் குண்டு வெடித்தது.

இந்தியாவுக்கு என்ன?

மலாக்கா ஜலசந்தியின் மேற்கு வாசலில்தான் நமது நிக்கோபார் தீவுகள் இருக்கின்றன. உலகக் கடல் வாணிபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தென் சீனக் கடல் வழியே போகிறது என்று கணக்கிடுகிறார்கள். நம் வீட்டு அடுப்பில் காயும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. ஓ.என்.ஜி.சி. விதேஷ் 1988 முதலே வியட்நாம் கடலில் எரிவாயு வேலையில் பங்கு வைத்திருக்கிறது. ஆகவே அது யாரோ எவரோ சண்டை போடும் கடல் அல்ல.

1980ல் எதிரெதிராக நின்ற இந்தியாவும் ஆசியானும் 1992ல் கை குலுக்கின. 2018 குடியரசு தினத்துக்குப் பத்து நாட்டுத் தலைவர்களும் டில்லி வந்து மேடையில் அமர்ந்தார்கள். 2022ல் பிலிப்பைன்ஸ் 37½ கோடி டாலருக்கு பிரமோஸ் ஏவுகணை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. 2016 தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று 2023 ஜூனில் டில்லியும் மணிலாவும் சேர்ந்து அறிக்கை விட்டன. ஆசியான் சொல்லாததை இந்தியா சொல்லிவிட்டது! தொலைவில் இருப்பவருக்குச் சொல்வது சுலபம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பேனா யார் கையில்?

கடலில் எப்படி நடந்துகொள்வது என்று ஓர் ஒழுங்கு விதி எழுதுவோம் என்று சீனாவும் ஆசியானும் 2002ல் ஒப்புக்கொண்டன. அந்தக் கையெழுத்து நடந்த ஊரும் நாம்பென்தான். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2018ல், நகல் தயாராயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் முடிப்போம் என்று 2023ல் நாள் குறித்தார்கள். எந்தெந்தத் திட்டுக்குப் பொருந்தும், மீறினால் சட்டப்படி கட்டுப்படுத்துமா, வெளிநாட்டுப் படைகளோடு பயிற்சி நடத்தலாமா என்பதுதான் இழுபறி. ஒவ்வொரு ஆண்டும் பேச்சு வார்த்தை நடக்க, திட்டுகள் மணல் கொட்டித் தீவுகளாகி, விமான ஓடுபாதைகளும் வந்துவிட்டன. தாமதம் யாருக்கு லாபம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

2026ம் ஆண்டுக்கு ஆசியான் தலைமை மியான்மருக்கு வர வேண்டிய முறை. அதைத் தாண்டி பிலிப்பைன்சிடம் கொடுத்தார்கள். கூட்டறிக்கையின் நகலை எழுதும் பேனா விரல் இழந்த மாலுமியின் நாட்டுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் நகல் எழுதுவதுதான் தலைமையின் வேலை. சம்மதம் வாங்க வியன்டியானுக்கும் நாம்பென்னுக்கும்தான் போக வேண்டும்.

ஸ்கார்பரோவில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தவர்கள் லூசான் கரையில் மசின்லோக் முதலிய ஊர்க்காரர்கள். 2012க்குப் பிறகு சீனக் காவல் கப்பல்கள் அவர்களைத் தண்ணீர் பீய்ச்சி விரட்டியிருக்கின்றன; சில காலம் வெளி ஓரத்தில் வலை போட விட்டிருக்கின்றன. புயல் வந்தால் படகுகள் ஒதுங்கிய உள் காயலுக்குள் மட்டும் விடுவதில்லை. 2025 செப்டம்பரில் அந்தத் திட்டில் இயற்கைப் பாதுகாப்புச் சரணாலயம் அமைப்பதாகச் சீனா அறிவித்தது.